பிணத்துக்கு ஒரு வசனம்

ஜனவரி 9, வியாழன்

இந்த நோட்டு கம்பெனி கொடுத்தது. எந்த சீனில் யார் என்ன உடுத்தியிருந்தார்கள், எந்தப் பட்டன் கழன்றிருந்தது, ரத்தக் கறை எந்தத் தோளில் என்று தினமும் குறித்துவைப்பது என் வேலை. காஸ்ட்யூமராக இருபத்தாறு வருடம் இப்படி எழுதியாயிற்று. பக்கத்தில் பாதி எப்போதும் மிச்சமாகும். அதில் மற்றதையும் எழுதிவைப்பேன். யாரும் படிப்பதில்லை.

லோதங் ஊருக்கு இன்று மதியம் வந்து சேர்ந்தோம். இமாச்சலத்தில் ஒரு மலை இடுக்கு. நாற்பது வீடு, ஒரு கோவில், ஒரு பாதை. மற்றதெல்லாம் பனி. வடபழனியில் வண்டி ஏறும்போது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கே மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டியிருக்கிறது.

படத்தின் கதை ஒரு தமிழ் மலைக்கிராமத்தில் நடக்கிறது. "நம்ம ஊர்ல எங்க சார் இவ்ளோ பனி?" என்று டைரக்டர் இளஞ்செழியனிடம் கேட்டேன். அவருக்கு முப்பத்தொரு வயது. முதல் படம்.

"இது கற்பனை ஊரு மாஸ்டர். யாரும் வராத, யாரும் போகாத ஊரு."

அந்த ஊர்ப் போஸ்டாபீஸ் அம்மா ஒருநாள் காலையில் பனியில் செத்துக் கிடக்கிறார். எல்லோருடைய கடிதத்தையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்பதால் ஊருக்கே அவர்மேல் ஆத்திரம். கொன்றது யார் என்பதுதான் படம். கடைசிப் பன்னிரண்டு பக்கத்தை டைரக்டர் யாருக்கும் காட்டவில்லை.

போஸ்டாபீஸ் அம்மாவாக, அதாவது பிணமாக, நடிப்பது அமலோற்பவம். துணை நடிகை. வயது ஐம்பத்தொன்று. யூனிட் முழுவதும் அவரை அமலாம்மா என்கிறது. நான் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவ்வளவு நல்ல பெயரை எதற்குச் சுருக்கவேண்டும்?

கடைசி மலைப்பாதைக்கு வேனில் பதினோரு மணி நேரம். அவர் என் பக்கத்து ஸீட். வளைவுகளில் குமட்டாமலிருக்க எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். ஆளுக்குப் பாதி முகர்ந்துகொண்டு வந்தோம்.

ஜனவரி 10, வெள்ளி

சீன் 1. பாசிப்பச்சை வாயில் சேலை, பழுப்பு ஸ்வெட்டர், இடது முழங்கையில் கிழிசல். வெறுங்கால்.

சேலைக்குள் தெரியாதபடி இரண்டு அடுக்குக் கம்பளி தைத்துக் கொண்டுவந்திருந்தேன். உடம்பைப் பற்றிக் கவலையில்லை. கால்தான் பிரச்சினை. பிணத்தின் செருப்பைக் காணோம் என்பதுதான் இந்தப் படத்தில் போலீசுக்குக் கிடைக்கும் முதல் தடயமாம். அதனால் கால் மறைக்கக்கூடாது.

ஏழு டேக். முதல் மூன்றில் பிணம் மூச்சு விடுவது புகையாகத் தெரிந்துவிட்டது. அமலோற்பவமே உபாயம் சொன்னார். "ஒரு துண்டு ஐஸ் குடுங்க. வாயில போட்டுக்கறேன். வாய் சில்லுனு இருந்தா பொக வராது." நாலாவது டேக்கில் புகை இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் ஐஸைத் துப்பிவிட்டு எழுந்து கும்பிட்டார். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. சிரிப்பும் அதோடு சேர்ந்தே வந்தது.

நான் போர்வையோடு தயாராக நின்றேன். காஸ்ட்யூமர் வேலைதான் அது.

ஜனவரி 11, சனி

தோல் நிற ஸ்டாக்கிங்ஸை நாலு மடிப்பாக வைத்து, விரல் விரலாகத் தைத்தேன். தூரத்து ஷாட்டில் தப்பித்தது. க்ளோஸ்-அப்பில் டைரக்டர் கண்டுபிடித்துவிட்டார். "மாஸ்டர், செத்தவங்க சாக்ஸ் போட்டிருக்காங்க" என்றார். கழற்றினோம்.

ஜனவரி 12, ஞாயிறு

லீவு. சர்ச் இல்லாத ஊர் என்று அமலோற்பவத்துக்குக் குறை. நாங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா ஆங்மோ, தன் வீட்டுப் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அமலோற்பவம் ஜெபமாலையை அங்கே வைத்து ஜெபம் செய்தார். பிறகு இருவரும் அடுப்பருகே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இவருக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "மருமகனுங்களப் பத்தி" என்றார்.

இருபத்தெட்டு வருடத்தில் எத்தனை படத்தில் செத்திருக்கிறார் என்று உதவி இயக்குநர் பிரகதி கேட்டாள். விரல் விட்டு எண்ணினார். ரயிலில் விழுந்தது ஒன்று, தீ விபத்து மூன்று, வில்லன் கையால் ஒன்பது. நிறைமாதக் கர்ப்பிணியாக இரண்டு முறை. "பேசினது மட்டும் ஒண்ணுல கூட இல்லடி. ஒரு படத்துல 'ஐயோ'ன்னு சொன்னேன். அதையும் வேற ஒருத்தி டப்பிங் பேசிட்டா."

எல்லோரும் சிரித்தோம். அவரும்தான். சிரித்து முடித்ததும் தம்ளரைக் கழுவ எழுந்து போனார். அதில் டீ பாதி இருந்தது.

எட்டு வருடம் முன்பு ஒரு மழைச் சண்டைக் காட்சியில்தான் அவரை முதலில் பார்த்தேன். நூறு பேர் நனைந்தார்கள். உலர்ந்த துணி கொடுத்தபோது ஒருவர் மட்டும் பெயர் கேட்டு நன்றி சொன்னார். அதற்குப் பிறகு பதினான்கு படம். எண்ணிக்கை தற்செயலாக நினைவிருக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஆங்மோ வீட்டு இரும்பு அடுப்பில் அமலோற்பவம் பொங்கல் வைத்தார். கரும்புக்கு வழியில்லை. "சூரியனே இல்லாத ஊர்ல எதுக்குடா பொங்கல்" என்று லைட்மேன்கள் கேலி செய்தார்கள். பானை பொங்கியதும் அவர்கள்தான் முதலில் கத்தினார்கள்.

சாப்பிடும்போது டைரக்டர் வந்து உட்கார்ந்தார். "அமலாம்மா, கடைசி ரீல்ல உங்களுக்கு ஒரு சீன் எழுதியிருக்கேன். உயிரோட. பனியில நடந்து வந்து ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டறீங்க. ஒரு டயலாக் இருக்கு. நீங்களே டப்பிங்."

"என்ன டயலாக் தம்பி?"

"'கதவைத் திறங்க. நான்தான்.' அவ்ளோதான்."

அமலோற்பவம் கையிலிருந்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டார். விரலை மடக்கி எண்ணினார். பிறகு, "மூணு வார்த்தை" என்றார். பதினெட்டாம் தேதி எடுப்பதாகத் திட்டம்.

ஜனவரி 15, புதன்

சீன் 1 தொடர்ச்சி. அதே சேலை. ஐந்து டேக்.

மாலையில் நடக்கும் காட்சிக்காகச் சேலையின் கீழ்க்கரையை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். ஸ்டூல் மேல் நின்றபடி அவர் வசனத்தை விதவிதமாகச் சொல்லிப் பார்த்தார். "கதவைத் திறங்க, நான்தான்." "கதவைத் திறங்க... நான்தான்." "எது மாஸ்டர் நல்லாருக்கு?"

என் கை நழுவி ஊசி அவருடைய இடது கால் விரலில் இறங்கிவிட்டது. பதறிப்போய் நிமிர்ந்தேன். அவர் பாட்டுக்கு மூன்றாவது விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊசி விரலில் நிற்கிறது. அவருக்குத் தெரியவில்லை.

உருவினேன். ரத்தம் வரவில்லை. கடைசி இரண்டு விரலும் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்து, கல் மாதிரி இருந்தன. தொட்டுக் காட்டியபோதுதான் குனிந்து பார்த்தார். பார்த்தவுடன் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

"எப்பருந்து இப்படி?"

"ரெண்டு நாளா. குத்தல்கூட நின்னுபோச்சு மாஸ்டர், நல்லதுதானே?"

"டைரக்டர்கிட்ட சொல்லணும்."

"சொன்னா அந்த சீன வேற யாரையாவது வெச்சு எடுத்துருவாங்க. பதினெட்டாம் தேதி முடியட்டும். அதுக்கப்புறம் நானே சொல்றேன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்காக, மாஸ்டர்."

சரி என்றேன்.

ஜனவரி 16, வியாழன்

நாலு டேக். சேலை, ஸ்வெட்டர், எல்லாம் முன்பு போலவே. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

இன்றோடு பிணத்தின் வேலை முடிந்திருக்கவேண்டும். ஊருக்கு மேற்கே மிதிபடாத பனி மைதானம் ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் அவர் கிடக்க, கேமரா மேலிருந்து இறங்கி வரும். சுற்றிலும் ஒரு காலடித் தடம்கூட இருக்கக்கூடாது. கொலைகாரன் எப்படி வந்து போனான் என்று பார்ப்பவர்கள் திகைக்கவேண்டுமாம். அவரை ஒரு பலகை வழியாகக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, பலகையைக் கயிறு கட்டி இழுத்துவிட்டு, தடத்தைப் பெருக்கிச் சரிசெய்ய மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை அவர் அங்கேயே கிடந்தார்.

முதல் டேக்கில் கிரேன் ஆடிவிட்டது. "அப்படியே இருங்க அமலாம்மா, ஒன் மோர்." இரண்டாவதில் நடுவே மேகம். "ஒன் மோர்."

இந்த ஒரு வாரமாக டேக்குக்கும் டேக்குக்கும் நடுவில் அவர் நடுங்குவதை நான் பார்த்துவந்திருக்கிறேன். தூரத்திலிருந்தாலும் சேலை ஓரம் துடிப்பது தெரியும். இன்று துடிக்கவில்லை. காற்றில்தான் ஆடியது. "அமலோற்பவம்!" என்று கூப்பிட்டேன். சைலன்ஸ் என்று யாரோ அதட்டினார்கள். மறுபடி கூப்பிட்டேன். ஷாட் இல்லாத நேரத்தில் அவர் கையாவது தூக்கிக் காட்டுவார்.

நான் மைதானத்துக்குள் இறங்கிவிட்டேன். முழங்கால் வரை புதைந்தது. பின்னால் கத்துகிறார்கள். "மாஸ்டர்! ஃப்ரேம்! ஃப்ரேம்ல போறீங்க!" புரொடக்‌ஷன் மேனேஜர் என்னென்னவோ சொல்லித் திட்டினார். சுத்தமான பனி இருந்த ஒரே இடம் அது. கேமராவுக்கு நேராக என் காலடி ஒரு கோடு போட்டுக்கொண்டு போனது.

கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, "டயலாக் சொல்லட்டுமா?" என்றார். நாக்கு குழறியது.

லைட்மேன்கள் நாலு பேர் ஓடிவந்தார்கள். ஆங்மோ வீட்டுக்குத் தூக்கிப்போனோம். ஒருவன் காலை அடுப்பருகே நீட்டப் போனான், இன்னொருவன் தேய்க்கப் போனான். ஆங்மோ இரண்டு பேர் கையிலும் ஓங்கி அடித்தார். நெருப்பில் காட்டக்கூடாது, தேய்த்தால் தோலோடு வரும் என்று பிரகதி மொழிபெயர்த்துச் சொன்னாள். வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்து, ஆற ஆற மாற்றி ஊற்றினார். உணர்வு திரும்பத் திரும்ப அமலோற்பவம் அலறினார். இத்தனை படத்தில் செத்த ஒருவர் அப்படி அலறி நான் கேட்டதில்லை.

வலி கொஞ்சம் அடங்கியதும் என்னைப் பார்த்தார்.

"இருபத்தெட்டு வருஷம் மாஸ்டர். இன்னும் ஒரே ஒரு நாள். உங்களால வாய மூடிட்டு இருக்க முடியல."

ஆறிப்போன தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

ஜனவரி 18, சனி

கீழே பனிச்சரிவு. பாதை மூடிவிட்டது. திறக்க மூன்று நாளாகலாம். காலில் கொப்புளம். கடைசி இரண்டு விரல் மட்டும் கறுத்துவருகிறது. ஆங்மோ சுத்தத் துணி சுற்றி, விரலுக்கு நடுவில் பஞ்சு வைத்திருக்கிறார். அமலோற்பவம் என்னிடம் பேசவில்லை. கஞ்சி கொண்டுபோனால் பிரகதியிடம் கொடுக்கச் சொல்கிறார்.

மதியம் டைரக்டர் வந்தார். மேலே எதுவும் விரிக்காத தரையில் உட்கார்ந்து, கையிலிருந்த பன்னிரண்டு பக்கத்தைக் கட்டிலில் வைத்தார்.

"கொலைகாரன் யாருன்னு எல்லாரும் கேட்டீங்கல்ல. யாரும் இல்லம்மா. பனிப்புயல் அன்னிக்கு ஒரு வீட்டுக்கு வந்த தந்தியக் குடுக்கத்தான் அவங்க கெளம்பறாங்க. செருப்பு பனியில மாட்டிக்குது. திரும்ப வழி தெரியல. நாப்பது கதவத் தட்டறாங்க. எல்லாரும் உள்ளதான் இருக்காங்க. கோவத்துல ஒருத்தரும் தொறக்கல." பக்கங்களைக் கவிழ்த்து வைத்தார். "ஊரேதான் கொன்னுச்சு. எழுதினவன் நானு. உங்க காலு வெளுத்துட்டே போறத ஒரு வாரமா மானிட்டர்ல பாத்திருக்கேன். கலர் நல்லா வந்திருக்குன்னு நெனச்சேன்."

அழுதுவிட்டார். பிரகதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்குப் புதன்கெழமையே தெரியும் சார்" என்றேன். "ஊசி குத்திப் பாத்தேன். ரெண்டு நாள் சொல்லல."

"அவர நான்தான் சொல்லவேணாம்னேன்" என்றார் அமலோற்பவம். என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார். ஆனாலும் என் பக்கமாகத்தான் பேசினார். பிறகு டைரக்டரிடம், "அழுதது போதும் தம்பி. எனக்கு வாய் நல்லாத்தானே இருக்கு? நடக்கறது இல்லாம எடுக்க முடியாதா?"

ஜனவரி 19, ஞாயிறு

சீன் 84. பாசிப்பச்சை சேலை, பழுப்பு ஸ்வெட்டர், தலையில் பனி. காலில் ஆங்மோவின் இரண்டு கம்பளி. ஃப்ரேமில் இல்லை.

வீட்டுக்குள்ளேயே எடுத்தோம். மாட்டுக்கொட்டகைக்குப் போகும் வழியில் பழைய மரக்கதவு இருந்தது. அமலோற்பவத்தை நாற்காலியோடு தூக்கி அதன் முன்னால் உட்காரவைத்தார்கள். கால் இரண்டையும் என் மடியில் தூக்கிவைத்திருந்தேன். முகமும் கதவைத் தட்டும் கையும் மட்டும்தான் ஷாட். தலையில் போட ரவை சலித்துவைத்திருந்தேன். உண்மைப் பனியைக் கொண்டுவரலாமா என்று ஒருவன் கேட்டான். டைரக்டர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வெளியே போய்விட்டான்.

கதவு தட்டும்போது ஆடாமலிருக்க மறுபுறம் ஆங்மோ முட்டுக்கொடுத்து நின்றார்.

ஆக்‌ஷன்.

மூன்று முறை தட்டினார். காத்திருந்தார். அவர் முகத்தில் கெஞ்சல் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்க வந்தவர் மாதிரி, திறந்துவிடுவார்கள் என்று முழுதாக நம்புகிற முகம். "கதவைத் திறங்க" என்றார். யாரும் வராததை அப்போதுதான் புரிந்துகொண்டவர் போல, குரல் தாழ்ந்து, "நான்தான்."

கதவு திறந்துகொண்டது.

ஆங்மோ. ஒரு வார்த்தை புரியாதவர், தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, கண்ணெல்லாம் நீராக நின்றார். உள்ளே வா என்று கையை வேறு நீட்டினார். கட் சொல்ல டைரக்டரே மறந்துவிட்டார். கொட்டகைக்குள்ளிருந்து பசு கத்தியதும்தான் எல்லோரும் ஒரேயடியாகச் சிரித்தோம், மூக்கைச் சிந்திக்கொண்டே.

இரண்டாவது டேக் ஓகே. ஆங்மோவுக்குப் பதில் லைட்மேன் நின்றான். முதல் டேக்தான் நன்றாக இருந்தது என்பது என் கருத்து. யாரும் கேட்கவில்லை.

ரவையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "மாஸ்டர்" என்றார். "கடைசி 'நான்தான்' கொஞ்சம் எறங்கிடுச்சோ?"

"சரியா எறங்குச்சு" என்றேன்.

"தண்ணி குடுங்க."

கொடுத்தேன். மூன்று நாளில் என்னிடம் நேராகக் கேட்ட முதல் பொருள்.

ஜனவரி 21, செவ்வாய்

காலை பத்து மணிக்குப் பாதை திறந்தது. ராணுவ வண்டி ஒன்று கீழே போகிறது, இரண்டு பேருக்கு இடம். பிரகதி போவதாக ஏற்பாடு. "நான் போறேன்" என்றேன். இன்னும் ஒன்பது நாள் ஷூட்டிங் இருக்கிறது, காஸ்ட்யூமை யார் பார்ப்பது என்று மேனேஜர் எகிறினார். நோட்டிலிருந்து துணிக் கணக்கை மட்டும் தனித்தாளில் எழுதிப் பிரகதியிடம் கொடுத்தேன். எந்தப் பெட்டியில் எது என்று ஒவ்வொன்றாகக் காட்டிவைத்தேன். இருபத்தாறு வருடத்தில் பாதிப் படத்தில் நான் கிளம்பியது இல்லை.

டைரக்டர் மேனேஜரைத் தள்ளி நிற்கச் சொன்னார். அமலோற்பவத்தின் முழங்காலில் தன்னுடைய கோட்டைப் போர்த்திவிட்டார். ஆங்மோ வண்டி வரை வந்து அவர் நெற்றியோடு தன் நெற்றியை முட்டினார். இந்த முறை அவர்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஜனவரி 25, சனி

சிம்லா. ஆஸ்பத்திரியில் நாலாவது நாள். பாதம் பிழைத்துவிட்டது. கடைசி இரண்டு விரலும் தேறாது என்கிறார் டாக்டர். ஆனால் இப்போதே எடுக்கமாட்டார்களாம், ஒரு மாதம் பொறுத்து சென்னையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பனியிலிருந்து இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கியிருந்தால் ஆளே இருந்திருக்கமாட்டார் என்பதையும் சொன்னார். அமலோற்பவத்திடம் நான் விரல் விஷயத்தை மட்டும் சொன்னேன். யோசித்துவிட்டு, "கடைசி விரலுக்கு மெட்டி போடறவங்களா நாம" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தேன். நாலு ஆரஞ்சு. யாரும் சாப்பிடவில்லை.

மதியம் அவர் கண்ணயர்ந்திருந்தபோது அவருடைய போன் அடித்தது. காரைக்காலில் டீச்சராக இருக்கும் மகள் ரெஜினா. அம்மாவுக்கு இப்படி என்று கம்பெனியிலிருந்து காலையில்தான் சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, "நீங்க யாரு பேசறது?" என்றாள்.

"நான் காஸ்ட்யூமர்மா. எத்திராஜ்னு..."

"எத்திராஜ் அங்கிளா?" அந்தக் குரலில் இருந்த பதற்றமெல்லாம் அப்படியே தணிந்துவிட்டது. "அப்பாடா. நீங்க கூட இருக்கீங்களா? அப்ப எனக்குப் பயமில்ல அங்கிள்."

என்னை எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எட்டு வருஷமா வேற என்ன பேசறாங்க அம்மா? யாரு அவுட்டோர் கூப்பிட்டாலும் மொதல்ல காஸ்ட்யூம் யாருன்னுதான் கேப்பாங்க. வேற ஆளுன்னா முட்டி வலின்னு சொல்லிருவாங்க. இந்தப் படத்துக்கு நான் போகவேணாம்னேன் அங்கிள். அவ்ளோ குளுராச்சேன்னு. 'அவரு வர்றாருடி'ன்னாங்க."

அமலோற்பவம் விழித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது விழித்தார் என்று தெரியவில்லை.

"யாரு, ரெஜினாவா? என்ன சொல்றா?"

"சரியா கேக்கல" என்றேன். "சிக்னல் இல்ல."

போனில் நாலு கோடும் இருந்தது.